யோகராணியின் வலது முழங்கால்

புதிதாகப் பிசியோதெரபி வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு முழங்காலைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். முழங்காலுக்குள் எந்த நார் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உள்ளே இருப்பதைப் படம் பிடித்துக் காட்டுகிற இயந்திரங்கள் உங்களிடம் இருக்கின்றன. என்னிடம் இருந்தவை இரண்டு கைகளும் ஒரு தையல் நாடாவும்தான். ஆகவே அந்த வித்துவத்தை உங்களிடம் காட்டப் போவதில்லை.

நான் எழுதப் போவது கையெழுத்தைப் பற்றி. 'இவர் இனி விளையாடலாம்' என்று எழுதி அதன் கீழே நம் பெயரைப் போடுகிறோமே, அந்தக் கையெழுத்து. ஒரே முழங்காலுக்கு நான் அதை இரண்டு தடவை போட்டேன். முதல் தடவை போட்டது பிழை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது.

அறுபதுகளின் நடுப்பகுதி. கொழும்பில் படித்து முடித்த கையோடு வன்னியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு என்னை அனுப்பினார்கள். அதன் பெயர் வேண்டாம். அங்கே எனக்கு முன்னால் இந்த வேலையை யாரும் செய்ததில்லை. நான் தாதியும் இல்லை, டொக்டரும் இல்லை, பிறகு என்னதான் என்று சனங்களுக்கு விளங்கவில்லை. கடைசியில் 'எக்சசைஸ் மிஸ்ஸி' என்று பெயர் வைத்தார்கள். பழைய சாமான்கள் போட்டிருந்த ஒரு அறையைத் துப்புரவாக்கி எனக்குக் கொடுத்தார்கள். உதவிக்கு ஒரு சிற்றூழியரையும் தந்தார்கள்.

அவர் முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் மனிதர். நாற்பது வயதிருக்கும். அண்ணனை அவர்கள் கூப்பிடுவது போல எல்லாரும் அவரை 'நானா' என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது என்பதால் இங்கேயும் நானாவாகவே இருக்கட்டும். கிணற்றடியில் கழற்றிப் போட்ட கப்பியைக் கூரை வளையில் கட்டி, கயிறு போட்டு, கால் தூக்குகிற பொறி ஒன்று செய்து தந்தார். மணலை நிறுத்துத் துணிப் பைகளில் தைத்து எடைக்கட்டிகள் செய்தார். இளம் வயதில் அவர் கடற்கரையில் பந்தடித்தவர், முழங்கால் ஒன்று பழுது என்று தெரியும். அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை. கொழும்பில் படித்தவள் ஒரு சிற்றூழியரிடம் முழங்காலைப் பற்றி என்ன கேட்பது என்ற திமிர் எனக்கு இருந்தது. இருந்ததை இல்லை என்று சொல்லி என்ன பிரயோசனம்?

யோகராணி அப்படியான நாட்களில்தான் வந்தாள். இருபது வயது. யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்து, காடு வெட்டி வயலாக்கிய குடும்பம். நெடுங்கேணிப் பக்கமிருந்து பஸ்ஸில் வரவேண்டும். வலைப்பந்து விளையாடும்போது பந்தைப் பிடித்து ஒற்றைக் காலில் இறங்கியிருக்கிறாள். ஊன்றிய காலை எடுக்கக்கூடாது என்பது அந்த விளையாட்டின் விதி. கால் நிலத்தில் நிற்க, உடம்பு மட்டும் மற்றப் பக்கம் திரும்பியிருக்கிறது. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் தனக்கே கேட்டது என்றாள். முறிவு நெரிவு வைத்தியர் இரண்டு கிழமை மருந்துப் புக்கை கட்டிப் பார்த்துவிட்டு, இது என் கைக்குள் அடங்காது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று நேர்மையாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

முழங்காலின் உட்பக்கத்து இணைப்பு நார் கிழிந்திருந்தது. பெரிய டொக்டர் பிளாஸ்டர் போட்டார். அதைக் கழற்றியபோது தொடை மெலிந்து, அடுத்த காலுக்குத் தங்கச்சி போல இருந்தது. அங்கிருந்து என் வேலை தொடங்கியது.

அவளுக்கு அந்தக் கால் எதற்குத் தேவை என்பதை முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"மிஸ்ஸி, நான் விளையாட்டு ரீச்சராகப் போகோணும். ட்ரெய்னிங் கொலிச்சில எடுக்கிறதெண்டா ஓடிக் காட்டோணும், நெற்போல் விளையாடிக் காட்டோணும். வாற தைக்குப் பிறகு கூப்பிடுவினம்."

அவளுடைய அப்பா பக்கத்தில் நின்றார். கால்விரல் இடுக்குகளில் வயற்சேறு காய்ந்திருந்தது. "இவள் சேத்துக்க இறங்கக் கூடாது மிஸ்ஸி. நாங்கள் இறங்கினது காணும்," என்றார். அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

பயிற்சிகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, நீங்கள் செய்விப்பதைத்தான் நாங்களும் செய்வித்தோம். அவள் பிடிவாதக்காரி. பத்துத் தரம் தூக்கு என்றால் பதினைந்து தரம் தூக்குவாள். பல்லைக் கடிப்பாளே தவிர வாய் திறக்க மாட்டாள். நல்ல நோயாளி என்று நான் பெருமைப்பட்டேன். வாய் திறக்காத நோயாளி நல்ல நோயாளி அல்ல என்பதைத் தெரிந்துகொள்ள எனக்குச் சில மாதம் எடுத்தது.

மூன்று மாதம் போன பிறகு ஒரு நாள் அப்பா மலர்ந்த முகத்தோடு வந்தார். "மிஸ்ஸி, நேற்றுப் பிள்ளை வரம்பால நடந்து எனக்குச் சோறு கொண்டந்தவள்!"

வயற்காட்டில் இந்த வார்த்தைக்கு என்ன எடை என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வரம்பு என்பது வயல்களைப் பிரிக்கிற மண் கரை, ஒரு அடி அகலம். இரண்டு பக்கமும் சேறு. மழை பெய்தால் சவர்க்காரம் போல வழுக்கும். கால் முறிந்தவன் சுகமாகிவிட்டான் என்பதற்கு அந்தச் சனங்களிடம் இருந்த அத்தாட்சி அதுதான். வரம்பில் நடந்துவிட்டால் அவனை வேலைக்குக் கூப்பிடலாம், அவளைத் தண்ணீர் அள்ள அனுப்பலாம். முறிவு நெரிவு வைத்தியரும் அதைப் பார்த்துத்தான் கட்டை அவிழ்ப்பார்.

எனக்கும் அது சரியாகவே பட்டது. ஆஸ்பத்திரித் தரையில் நடப்பதைவிட வரம்பில் நடப்பது கடினந்தானே என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி அவர்களுடைய வயலுக்குப் போனேன். யோகராணி தலையில் தண்ணீர்க் குடத்தோடு வரம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பி வந்தாள். ஒரு துளி சிந்தவில்லை. நான் கை தட்டினேன். திங்கட்கிழமை படிவத்தில் என் பெயரைப் போட்டேன். அதன் கீழே பெரிய டொக்டர் போட்டார். நான் போட்டால் மட்டுமே அவர் போடுவார், அவ்வளவு நம்பிக்கை என்மேல்.

பரீட்சை யாழ்ப்பாணத்தில் நடந்தது. நான் போகவில்லை. நடந்ததை அப்பா வந்து சொன்னார். ஓட்டத்தில் அவள் முதலாவதாக வந்தாள். வலைப்பந்தில் இரண்டாவது பந்தை எம்பிப் பிடித்து, இறங்கி, திரும்பினாள். கால் மடிந்து விழுந்தாள். இரண்டு பேர் தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்கள்.

"திரும்பி வரேக்க பஸ்ஸில காலை நீட்டிக்கொண்டு இருந்தவள். ஒரு கதை இல்லை. ஆனையிறவு தாண்டேக்க மட்டும் 'அப்பா, என்னை வீட்டை விடாதேங்கோ, நேர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ' எண்டாள்," என்றார். பிறகு குரல் மாறியது. "நீங்கள் படிச்சனீங்கள். நான் மண் கொத்திறவன். வரம்பைப் பாத்து நான் சந்தோசப்படலாம், நீங்களும் சந்தோசப்படலாமோ?"

இந்தக் கேள்வியைவிடச் சரியான கேள்வியை என்னிடம் எந்தப் பரீட்சகரும் கேட்டதில்லை.

அவர் போன பிறகு நானா மணல் பைகளை அடுக்கிக்கொண்டு நின்றார். நான் யாரோடு கோபிப்பது என்று தெரியாமல் அவரோடு கோபித்தேன். மூன்று மாதமும் பார்த்துக்கொண்டு நின்றீர்களே, உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா என்று கேட்டேன்.

"நானும் வரம்பில நடப்பன் மிஸ்ஸி," என்றார் அவர். "குடம் இல்லை, நெல்லு மூட்டையோட நடப்பன். என்னைக் கொண்டுபோய்ப் பந்தடிக்க விடுவீங்களோ?"

அன்றைக்குத்தான் அவருடைய முழங்காலின் கதையைக் கேட்டேன். கிழிந்த கால் ஆறுமுன்னர், இறுதிப் போட்டி என்று கூட்டாளிகள் இழுத்துக்கொண்டு போனார்கள். பந்தோடு ஒரு தரம் திரும்பினார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நேரே எத்தனை மைலும் நடக்கலாம், சைக்கிள் ஓடலாம். திடீரென்று யாராவது பின்னால் கூப்பிட்டுத் திரும்பினால் கால் கழன்று போகும். வரம்பு யாரையும் திரும்பச் சொல்வதில்லை. ஒரு அடிக்கு முன்னால் மற்ற அடி, கண் நிலத்தில். அவள் எந்த அசைவில் விழுந்தாளோ, அந்த அசைவு அந்த வரம்பில் இல்லவே இல்லை. நான் அந்த முழங்காலிடம் கேட்டது பிழையான கேள்வி. அது கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறது.

"ஏன் முதலே சொல்லேல்லை நானா?"

"நீங்க கேக்கேல்லையே."

அன்று பின்னேரமே பெண்கள் வாட்டுக்குப் போனேன். யோகராணியின் காலில் மறுபடியும் பிளாஸ்டர். கட்டிலருகே நின்று, நான் பிழை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "கையெழுத்துப் போட்டது நீங்கள். நடந்து காட்டினது நான்தானே," என்றாள். "திரும்பேக்க உள்ளுக்க ஒரு சறுக்கல் இருந்தது மிஸ்ஸி. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் போட மாட்டியள்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது. பிறகு அவள் அழுதாள். கொலிச்சில் அடுத்த வருடமும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அதோடு வயதெல்லை முடிகிறது. மிச்சம் இருப்பது ஒரேயொரு வாய்ப்பு. அந்தக் கட்டிலடியில் நாங்கள் இரண்டு பேரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். அவள் ஒன்றையும் மறைக்கக் கூடாது. நான் பாவம் பார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது.

இரண்டாவது தடவை நாங்கள் அவசரப்படவில்லை. அறுவடை வந்து போனது. மாரி வந்தது. கிழமைக்கு மூன்று நாள் அவள் பஸ்ஸில் வந்தாள். பஸ் வராத நாளில் அப்பா சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் குடும்பமே போனபோதுகூட, மூன்று மணல் பைகளைக் கூடவே கொண்டுபோய் மரத்தடியில் உட்கார்ந்து கால் தூக்கியிருக்கிறாள். அம்மனுக்கு நேர்த்தி வைத்தாயா என்று கேட்டேன். "வைச்சனான். ஆனா பையையும் கொண்டு போனனான்," என்றாள். இப்போது அவள் வாய் நிறையக் கதைத்தாள். எங்கே நோகிறது, எங்கே இழுக்கிறது, எந்தப் படியில் பயம் வருகிறது, எல்லாம் வரும். சில நாட்களில் என் காதே வலிக்கும்.

மறுபடியும் தை பிறந்தது. கடிதம் வந்தது. ஒரு தரம் விழுந்தவள் என்பதால் இந்தத் தடவை ஆஸ்பத்திரிச் சான்றிதழ் முன்கூட்டியே வந்து சேரவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கடைசி நாளுக்குள் போய்ச் சேர்வதென்றால் வெள்ளிக்கிழமை தபாலில் போட்டாக வேண்டும்.

திங்கட்கிழமை பெரிய டொக்டர் காலைப் பிடித்து எல்லாப் பக்கமும் அசைத்துப் பார்த்தார். நான் நாடாவை வைத்துத் தொடையை அளந்தேன். இரண்டு காலும் ஒரே அளவு. வீக்கம் இல்லை, நோவில்லை. அவர் பேனையை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"இன்னும் என்ன பாக்கிறீர்?" என்றார்.

என்ன பார்க்கிறேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. முற்றத்தில் அவளை ஓடவிட்டு 'இடம்' என்றும் 'வலம்' என்றும் கத்துவேன், அவள் திரும்புவாள். விழவில்லை. பிழை என்று சுட்டிக்காட்ட ஒன்றும் இல்லை. ஆனாலும் ஏதோ ஒன்று குறைந்தது. செவ்வாய்க்கிழமை அதை நானாதான் கண்டுபிடித்தார். கதவடியில் நின்று பார்த்துவிட்டு, "புள்ளை திரும்ப முந்திக் காலைக் குனிஞ்சு பாக்குது மிஸ்ஸி," என்றார். "காலிட்ட கேட்டுப்போட்டுத் திரும்புது."

அதற்குப் பிறகு எனக்கும் அது மட்டுந்தான் தெரிந்தது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் ஒரு சின்னப் பார்வை, அரை அடி குறைந்த ஒரு காலடி. பந்து வரும்போது யாரும் அவளுக்கு 'வலம்' என்று கத்தப் போவதில்லை. குனிந்து பார்க்க நேரமும் இருக்காது. குனிந்தால் பந்து போய்விடும், குனியாமல் பயத்தோடு திரும்பினால் கால் போய்விடும்.

புதன்கிழமை அவளிடம் சொன்னேன், இப்போதைக்குப் போட முடியாது என்று. அவளுடைய முகம் கறுத்தது.

"நான் மறைக்கேல்லை மிஸ்ஸி. எல்லாம் சொன்னனான். நோவில்லை, சறுக்கல் இல்லை. நீங்கள்தான் இப்ப பயப்பிடுறியள். என்ர காலில இல்லை, உங்கட கையிலதான் வருத்தம்."

அறைக் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாள். அவள் சொன்னதில் பாதி உண்மை. போன வருடத்துப் பிழை என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. இதை நன்றாகக் கேளுங்கள்: ஒரு தரம் பிழையாகப் போட்ட கை, அடுத்த தரம் போடவேண்டிய இடத்திலும் போட மறுக்கும். அதைக் கவனம் என்று நினைத்து நம்மை நாமே மெச்சிக்கொள்வோம். எனக்கு அன்று அந்தச் சந்தேகம் பெரிதாக வந்தது. கால் தயாரில்லையா, நான் தயாரில்லையா?

அன்று பின்னேரம் தலையிடியோடு விடுதிக்குப் போனேன். தாதிமார் விடுதியும் அதுதான். பின் முற்றத்தில் வழக்கம் போலக் கூச்சல். பின்னேரங்களில் அவர்கள் கிளித்தட்டு விளையாடுவார்கள். குசினிச் சாம்பலால் கோடு போட்ட நீண்ட கட்டம். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஒருத்தி கையை விரித்து மறித்து நிற்பாள். அவள் கை படாமல் கோடுகளைத் தாண்டி மறுமுனைக்குப் போய்த் திரும்பி வரவேண்டும். மறிக்கிற கூட்டத்துக்குத் தலைவி கிளி. அவள் நடுக்கோட்டிலும் ஓடி, பின்னாலிருந்தும் தொடுவாள். இந்தச் சத்தத்துக்காக நான் தாதிமாருக்குப் பொறுப்பான மேற்றனிடம் எத்தனையோ தரம் முறைப்பாடு சொல்லியிருக்கிறேன். அன்று யன்னலைச் சாத்தப் போன கை அப்படியே நின்றது. கீழே ஒருத்தி இடப்பக்கம் போவது போல ஏமாற்றி, ஒற்றைக் காலில் ஊன்றி, வலப்பக்கம் பாய்ந்தாள். நிலத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கவில்லை. மறித்து நின்றவளின் கண்ணை மட்டும் பார்த்தாள்.

வியாழக்கிழமை காலை பெரிய டொக்டரிடம் போய், யோகராணியைக் கிளித்தட்டில் இறக்கப் போகிறேன் என்றேன்.

"உமக்கென்ன விசரோ?" என்றார். "விழுந்தாள் எண்டா?"

"பரீட்சையிலயும் அவள் அதைத்தானே டொக்டர் செய்யப் போறாள். அங்க விழுந்தா அவளுக்கு எல்லாம் முடிஞ்சுது. இங்க விழுந்தா பிழை என்ர."

"விழுந்தா நான்தான் மூன்றாம் தரம் பிளாஸ்டர் போடோணும்," என்று முணுமுணுத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

கோபித்துக்கொண்டு போனவள் அன்றும் வந்தாள். அதுதான் யோகராணி. நான் திட்டத்தைச் சொன்னதும் முதல் தடவையாக அவளுடைய கண்ணில் பயத்தைக் கண்டேன்.

"விழுந்தா மிஸ்ஸி?"

"விழுறதெண்டா இங்க விழு. அங்க போய் விழாத."

பின்னேரம் தாதிமாரைக் கூட்டி, யாரும் பாவம் பார்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். விளையாட்டுத் தொடங்கியதும் எல்லாரும் பாவம் பார்த்தார்கள். யோகராணி கிட்ட வந்தால் கை தானாக மடங்கியது. அவளும் ஒவ்வொரு கோட்டிலும் நின்று, காலைப் பார்த்து, பிறகு தாண்டினாள். முதல் ஆட்டம் அப்படியே போனது. வேலிக்கு அங்கால் நானா நின்றார். சான்றிதழ் என் கைப்பைக்குள் இருந்தது. அது அப்படியே வெறுமையாகத்தான் இருக்கப் போகிறது என்று நினைத்தேன்.

இரண்டாவது ஆட்டத்துக்குக் கடமை முடிந்து புஷ்பம் வந்து சேர்ந்தாள். சத்திரசிகிச்சை வாட்டுத் தாதி. சொந்தத் தாயிடம் தாயத்தில் தோற்றாலும் இரண்டு நாள் சாப்பிடாத பேர்வழி. நான் சொன்ன எதையும் அவள் கேட்டிருக்கவில்லை. கேட்டிருந்தாலும் பயனில்லை. வந்த உடனே நான்தான் கிளி என்று இறங்கினாள்.

அவளிடம் மூன்று பேர் அகப்பட்டு வெளியே போனார்கள். யோகராணி மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனித் திரும்பி வரவேண்டும். அவளுடைய பக்கத்தில் மிஞ்சியிருந்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார்கள். புஷ்பம் நடுக்கோட்டில் ஓடி வந்தாள். யோகராணி வலப்பக்கம் சாய்ந்தாள், புஷ்பமும் சாய்ந்தாள். அந்தக் கணம் யோகராணி வலது காலை ஊன்றி, முழு உடம்பையும் திருப்பி, மற்றப் பக்கம் பாய்ந்தாள். என் வாய் வரைக்கும் 'நில்' என்ற சத்தம் வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவள் இன்னொரு கோட்டைத் தாண்டினாள். மறுபடியும் ஊன்றினாள், மறுபடியும் திரும்பினாள். கடைசிக் கோட்டில் புஷ்பத்தின் கை பின்னாலிருந்து நீண்டது. இரண்டு பேரும் ஒன்றாகக் கோட்டுக்கு வெளியே வந்தார்கள்.

"தொட்டிட்டன்!" என்றாள் புஷ்பம்.

"தொடேல்லை!"

"சட்டையில பட்டது. பொய் சொல்லாத!"

"ஆர் பொய் சொல்லுறது? காத்துத்தான் பட்டது! நீங்கள்தான் அளாப்புறியள்!"

சொல்லிக்கொண்டே யோகராணி காலைத் தூக்கி நிலத்தில் ஓங்கி மிதித்தாள். சாம்பல் பறந்தது. ஒரு தரம் இல்லை, இரண்டு தரம். அவள் மிதித்தது வலது காலால்.

அவளுக்கு அது தெரியாது. புஷ்பத்துக்கும் தெரியாது. கூடி நின்று சண்டை பார்த்த யாருக்கும் தெரியாது. நான் வேலிப் பக்கம் திரும்பினேன். நானா சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து வேலிக்கு மேலால் நீட்டிக்கொண்டு நின்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. என்னுடையதும்தான். பதினான்கு வருடத்துக்கு முன்னர் கடற்கரையில் அவரைத் தடுக்க யாரும் இருக்கவில்லை, அவருக்கு இப்படி ஒரு முற்றமும் கிடைக்கவில்லை. பேனையை வாங்கும்போது அதைத்தான் நினைத்தேன். விடுதிப் படியில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து, என் பெயரைப் போட்டேன். கை இந்தத் தடவை மறுக்கவில்லை.

பெரிய டொக்டரும் கீழே போட, வெள்ளிக்கிழமை சான்றிதழ் தபாலில் போனது. இந்தத் தடவை நானும் யாழ்ப்பாணத்துக்குப் போனேன். மைதான ஓரத்தில் நின்று அவளுடைய அப்பாவின் குடைக் கம்பியைப் பிடித்து வளைத்தே விட்டேன். அவள் எத்தனை பந்து பிடித்தாள், எத்தனை தரம் திரும்பினாள் என்று எனக்குக் கணக்கில்லை. ஒரு தரம்கூடக் குனிந்து பார்க்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். அந்த வருடமே அவளை எடுத்தார்கள். பிறகு வன்னிப் பள்ளிக்கூடங்களில் முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்கினாள்.

உங்களில் யாராவது இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நோயாளிகளைக் கிளித்தட்டில் இறக்கப் போனால் நான் பொறுப்பில்லை. பத்து மாத வேலைக்குப் பிறகு இறக்கினேன் என்பதை மறக்க வேண்டாம். உங்களிடம் வருகிறவன் எந்த அசைவில் விழுந்தான் என்று கேளுங்கள். அந்த அசைவை அவன் யோசிக்காமல் செய்வதைக் கண்ணால் காணும்வரை பேனையை மூடி வையுங்கள். கண்ட பிறகு, போன தடவைப் பிழையை நினைத்து இழுத்தடிக்காமல் போட்டுவிடுங்கள். உங்கள் அறையைக் கூட்டுகிறவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

புஷ்பமும் யோகராணியும் இப்போது பேரப்பிள்ளைகள் கண்டுவிட்டார்கள். கலியாண வீடுகளில் சந்தித்தால் அந்தச் சண்டை இன்னும் நடக்கிறது. போன மாதமும் இரண்டு பேரும் என்னை நடுவில் இருத்திவிட்டு, "மிஸ்ஸி, நீங்கள்தானே நேர நிண்டு பாத்தனீங்கள். தொட்டதோ, இல்லையோ? இண்டைக்குச் சொல்லத்தான் வேணும்," என்று பிடித்துக்கொண்டார்கள்.

எனக்குத் தெரியாது என்றேன். அவர்கள் நம்பவில்லை. உண்மையாகவே எனக்குத் தெரியாது. புஷ்பத்தின் கை எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை, அந்த முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.